இரவு 11.30 மணிக்குத் தாங்குமா?



செய்தியறை மென்பொருளை ஓட்ட எப்படிப்பட்ட கணினியும் சர்வரும் வேண்டும் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மென்பொருள் விற்கிறவர்கள் இதற்கு ஒரே தாளில் பதில் எழுதித் தந்துவிடுகிறார்கள். இத்தனை ஜிபி ராம், இந்த புராசஸர், இந்த இயங்குதளம், அவ்வளவுதான். பல அலுவலகங்களில் அந்தத் தாள் அப்படியே கொள்முதல் பிரிவுக்குப் போகிறது. மூன்று கொட்டேஷன் வாங்கி, விலை குறைந்ததற்கு ஆர்டரும் போட்டுவிடுகிறார்கள். செய்தியறையில் ஒருவரையும் கேட்பதில்லை.

அந்தத் தாளைச் செய்தியறைதான் எழுத வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். மென்பொருள் ஓடுவதற்கு என்ன வேண்டும் என்பது விற்பவருக்குத் தெரியும். கடைசிப் பதிப்பு முடியப்போகும் 11.30 மணிக்கு, நாற்பது பேர் ஒரே சமயத்தில், தமிழில் வேலை செய்ய என்ன வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மேசையிலிருந்து ஆரம்பிக்கலாம். இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியர் ஒருவரின் திரையைப் பாருங்கள். பிரவுசரில் செய்தி மென்பொருள் திறந்திருக்கும். பக்கத்து டேபில் ஏஜென்சி செய்திகள் வந்துகொண்டிருக்கும். வாட்ஸ்அப் வெப்பில் மாவட்ட நிருபர்களின் குழுக்கள், யூடியூபில் ஒரு நேரலை, பழைய செய்திகளைத் தேட நான்கைந்து டேப், நடுவில் ஒரு அரசாணையின் பிடிஎஃப். விற்பவரின் தாளில் 4 ஜிபி ராம் போதும் என்றிருக்கலாம். இந்த மேசைக்கு அது போதாது. 8 ஜிபியில் வேலை நடக்கும், 16 ஜிபி இருந்தால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். பக்கம் கட்டும் கணினிகளுக்கு 16 ஜிபிக்குக் கீழே யோசிக்கவே வேண்டாம். பணம் இடித்தால் புராசஸரில் ஒரு படி இறங்குங்கள். ராமிலும் எஸ்எஸ்டியிலும் இறங்காதீர்கள். பழைய கணினியில் சுழலும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பாதிப் புகார்கள் நின்றுவிடும்.

‘எங்கள் மென்பொருளுக்கு பிரவுசர் இருந்தால் போதும்’ என்பார்கள். அந்த பிரவுசருக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் 7-இலும் 8.1-இலும் ஓடிய கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் அந்தக் கணினிகளுக்குப் புதிய குரோம் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 சில்லு கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. மாவட்ட அலுவலகங்களில் இருக்கும் கணினிகளில் பல இந்த இரண்டு சோதனையிலும் தேறாது. ஆகவே மென்பொருளின் விலையைக் கேட்கும் அன்றைக்கே, எத்தனை கணினிகளைத் தூக்கிப்போட வேண்டியிருக்கும் என்ற கணக்கையும் எடுத்துவிடுங்கள். தூக்கிப்போட மனமில்லையென்றால் லினக்ஸ் போட்டு ஃபயர்ஃபாக்ஸில் ஓட்டிப் பார்க்கலாம். செய்தி அடிப்பதற்கும் திருத்துவதற்கும் அது நன்றாகவே தாங்கும் என்பது என் அனுபவம்.

இனி சர்வர். பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு திறமூல மென்பொருளையே எடுத்துக்கொள்கிறேன். சூப்பர்டெஸ்க் என்று பெயர். சோர்ஸ்ஃபேப்ரிக் என்ற அமைப்பு உருவாக்கியது. நார்வேயின் என்டிபி, ஆஸ்திரேலியாவின் ஏஏபி போன்ற செய்தி நிறுவனங்கள் பயன்படுத்தியிருக்கின்றன. இதன் சர்வர் பக்கம் பைத்தானில் எழுதப்பட்டது. செய்திகளைச் சேமிக்க மோங்கோடிபி, தேட எலாஸ்டிக்சர்ச், பின்னணி வேலைகளை வரிசைப்படுத்த ரெடிஸ் என்று மூன்று துணைகளோடு ஓடுகிறது.

கிடங்கில் சும்மா கிடக்கும் பழைய சர்வரில் இதைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் மோங்கோடிபி 5.0 முதல் புராசஸரில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி இருந்தே ஆக வேண்டும். இன்டெல்லில் அது 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்துதான் உண்டு. 2011-க்குப் பிறகு வாங்கியதாயிற்றே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பென்டியம், செலரான் என்ற பெயரில் வந்த மலிவு சில்லுகள் பலவற்றில் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஏவிஎக்ஸ் இல்லை. அந்தக் கணினியில் மோங்கோடிபி நிறுவலெல்லாம் ஒழுங்காக முடியும். தொடங்கச் சொன்னால் தொடங்கிய நொடியிலேயே நின்றுவிடும். காரணம் தெரியாமல் இரண்டு நாள் போராடுவார்கள். நிறுவும் முன் ஒரு வரிக் கட்டளையில் பார்த்துவிடக்கூடிய விஷயம் இது.

ராம் கணக்கு இன்னும் நுட்பமானது. 32 ஜிபி ராம் கொண்ட ஒரே சர்வரில் எல்லாவற்றையும் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மோங்கோடிபியை எதுவும் மாற்றாமல் விட்டால், மொத்த ராமில் 1 ஜிபியைக் கழித்து, மீதியில் பாதிவரை தன் தற்காலிக நினைவகத்துக்கு எடுத்துக்கொள்ளும். அதாவது 15.5 ஜிபி. எலாஸ்டிக்சர்ச்சின் இப்போதைய பதிப்புகளும் அப்படியே விட்டால் ஏறக்குறைய பாதியைக் கேட்கும். அது 16 ஜிபி. இரண்டும் போக, பைத்தானுக்கும் ரெடிஸுக்கும் லினக்ஸுக்குமாகச் சேர்த்து அரை ஜிபி மிஞ்சுகிறது. பகலில் ஒன்றும் தெரியாது. நாள் முழுக்க வந்த செய்திகளும் தேடல்களும் இரண்டின் நினைவகத்தையும் நிரப்பி முடிக்கிற நேரம் இரவு. அப்போதுதான் சர்வர் திணறும். ‘காலையில் நன்றாகத்தானே இருந்தது’ என்பார்கள். மருந்து எளிது: இரண்டுக்கும் தனித்தனி வரம்பு எழுதி வையுங்கள். வசதி இருந்தால் தேடல் சர்வரைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அதன் ராமிலும் பாதிக்கு மேல் எலாஸ்டிக்சர்ச்சுக்குக் கொடுக்காதீர்கள். மீதியை இயங்குதளம் கோப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும். தேடலின் வேகம் அதில்தான் இருக்கிறது.

சேமிப்பிடத்தைப் பற்றி வீண் பயம் வேண்டாம். யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் பிடிக்கும். 300 சொல் உள்ள செய்தி 10 கிலோபைட்டைத் தாண்டாது. நாளுக்கு 500 செய்தி என்றாலும் ஆண்டுக்கு 2 ஜிபிக்குள் அடங்கும். ஒவ்வொரு திருத்தத்தையும் தனிப் பிரதியாக வைத்துக்கொண்டு பத்து மடங்கானால்கூட ஒரு பென் டிரைவில் போட்டுவிடலாம். புகைப்படம்தான் இடத்தைத் தின்னும். 8 எம்பி அளவில் நாளுக்கு 1,000 படம் வந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 டெராபைட். ஆகவே எழுத்துக்கு வேகமான எஸ்எஸ்டி, படத்துக்கு நிறையப் பிடிக்கும் சாதாரண டிஸ்க் என்று பிரித்து வாங்குங்கள்.

இப்போது விற்பவரின் எந்தத் தாளிலும் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். தமிழ். ‘யூனிகோட் ஆதரவு உண்டு’ என்ற ஒற்றை வரியோடு தாள் முடிந்துவிடும். நம் வேலை அந்த வரிக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

‘கொள்கை’ என்று அடியுங்கள். முதல் எழுத்தான ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். அல்லது ககரம், கொம்பு, கால் என்று மூன்றாகவும் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். யூனிகோட் விதியும் இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்த விதியை மென்பொருள் நடைமுறைப்படுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நிருபரின் எழுதுகருவி ஒரு விதமாகவும் இன்னொருவருடையது வேறு விதமாகவும் அனுப்பிய செய்திகளில், தேடும்போது ஒரு பாதிதான் கிடைக்கும். மறுபாதி களஞ்சியத்துக்குள்ளேயே காணாமல் போய்விடும். செய்தி உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதோடு விடாமல், டெமோவிலேயே இரண்டு விதமாகவும் அடித்துத் தேடிக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த வசதியும் தீர்க்காத சிக்கல்கள் உண்டு. ‘கௌரவம்’ என்ற சொல்லில் ஔகாரக் குறியைப் போடுவதற்குப் பதிலாக, ஒற்றைக் கொம்பு போட்டு ‘ள’ என்ற எழுத்தையே அடித்துவிடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அது ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்து. ‘ஸ்ரீ’யிலும் இதே தொல்லைதான். அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீரங்கத்துச் செய்தியைத் தேடுகிறவருக்கு ஸ்ரீரங்கம் கிடைக்காமல் போவது இப்படித்தான். இவற்றுக்கெல்லாம் நாமே மாற்று விதிகளை எழுதிச் சேர்க்க மென்பொருளில் இடம் இருக்க வேண்டும்.

தேடலில் வேற்றுமை உருபின் சிக்கலும் இருக்கிறது. மதுரையில், மதுரைக்கு, மதுரையிலிருந்து, மதுரையின் என்று எழுதுகிற மொழி நம்முடையது. ‘மதுரை’ என்று தேடினால் இவையெல்லாம் வர வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலை மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. தமிழுக்கு நாம் கேட்டால்தான் செய்வார்கள்.

தலைப்பின் அளவும் அப்படியே. ‘தமிழ்’ என்ற சொல்லை நாம் மூன்று எழுத்து என்போம். கணினிக்கு அது 5 குறி, 15 பைட். இணையத் தலைப்பு இத்தனை எழுத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைக்கும் மென்பொருள் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். குறியை எண்ணினால் உங்கள் தலைப்புக்குப் பாதி இடம்தான் கிடைக்கும். கண்ட இடத்தில் வெட்டினால் புள்ளி போய், மெய்யெழுத்து உயிர்மெய்யாக மாறி நிற்கும்.

பக்கம் கட்டும் இடத்தில் இதைவிடப் பழைய சுமை ஒன்று இருக்கிறது. நம் நாளிதழ்கள் பேஜ்மேக்கரில் வளர்ந்தவை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 யூனிகோடை அறியாதது. ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியீட்டு முறை வைத்திருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகைக்குத் தமிழ்99, எழுத்துருவுக்கு டாம், டேப் என்று ஒழுங்கு கொண்டுவரப் பார்த்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும் பழைய களஞ்சியங்கள் பழைய குறியீட்டிலேயே கிடக்கின்றன. இலங்கைத் தமிழ் இதழ்களிடம் பாமினியில் அடித்த கோப்புகள் குவிந்திருக்கின்றன. பாமினியில் ஆங்கில எழுத்துகளுக்கான இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துருத் தகவலைப் பார்க்காமல் வெறும் உரையாக எடுத்து மாற்றினால், நடுவில் வந்த ஆங்கிலச் சொல்லும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். ஆகவே களஞ்சியத்தை மாற்றுவது ஒரு தனி வேலை. அதற்குத் தனியாக ஆளும் காலமும் ஒதுக்குங்கள். மாற்றியபின் மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

இன்டிசைனில் தமிழ் யூனிகோட் சரியாக அமைய, பல மொழிகளுக்கான பத்தி அமைப்பியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். டைப்1 எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. உங்கள் தலைப்பு எழுத்துரு அந்த வகையா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். குறுகிய பத்தியில் நீண்ட சொல்லை மடக்கும்போது அடுத்த வரி ஒற்றெழுத்தில் தொடங்கக் கூடாது என்ற நம் அச்சு மரபையும் தேவைப் பட்டியலில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஒவ்வொரு இரவும் அதைக் கையால் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

எந்த விசைப்பலகை என்பதில் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. முப்பது வருடமாகத் தட்டச்சு முறையில் அடித்தவரைத் தமிழ்99-க்கு மாறச் சொன்னால் வேகம்தான் போகும். உள்ளே வருவது ஒரே யூனிகோடாக இருந்தால் போதும்.

பக்கம் முடிந்தால் அச்சு மையங்களுக்கு அனுப்ப வேண்டும். 16 பக்கம், பக்கத்துக்கு 20 எம்பி என்றால் 320 எம்பி. உங்கள் இணைப்பின் பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மையத்துக்கு 4 நிமிடத்துக்கு மேல், ஆறு மையத்துக்கு 25 நிமிடத்துக்கு மேல். இது ஏட்டுக் கணக்குதான், நடைமுறையில் இன்னும் கூடும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகம். நாளிதழுக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பை, முடிந்தால் இரண்டு வெவ்வேறு தெரு வழியாக, வாங்கி வையுங்கள்.

தொலைக்காட்சி நண்பர்களுக்குச் சுருக்கமாக. உங்கள் சுமை காணொலி. 50 எம்பிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு 22.5 ஜிபி. பத்து எடிட்டர்கள் ஆளுக்கு இரண்டு காட்சியை ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒரு கிகாபிட் இணைப்பு முழுவதும் நிரம்பிவிடும். சேமிப்பகத்துக்கு 10 கிகாபிட் வேண்டும் என்பது ஆடம்பரம் இல்லை. ரன்டவுனையும் கிராஃபிக்ஸையும் பேசவைக்கும் மாஸ் நெறிமுறை 10540, 10541 ஆகிய போர்ட்களில் பேசுகிறது. புதிய ஃபயர்வால் போடும் ஆளிடம் இதை முதலில் சொல்லுங்கள். அந்த நெறிமுறை எழுத்துகளை யுடிஎஃப்-8-இல் அனுப்புவதில்லை, யுசிஎஸ்-2-இல் அனுப்புகிறது. தமிழ்ப் பெயர்ப்பட்டைகள் கட்டம் கட்டமாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

மின்சாரத்துக்கு வருவோம். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று யுபிஎஸ்ஸில் சிக்கனம் பிடிக்காதீர்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் ஆகும் சில நொடிகளே தரவுத்தளத்தைக் கெடுக்கப் போதும். சர்வருக்கு ஆன்லைன் யுபிஎஸ், அதிலிருந்து சர்வருக்கு ஒரு தகவல் கம்பி, பேட்டரி தீரும் முன் சர்வர் ஒழுங்காகத் தானே நிற்பதற்கான அமைப்பு, இவை மூன்றும் சேர்ந்துதான் ஒரு ஏற்பாடு. சர்வர் அறையில் உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே தரும் வழிகாட்டல். ஏசி பழுதானால் இரவில் யாருக்குத் தகவல் போகும் என்பதையும் முடிவு செய்துவையுங்கள்.

சட்டமும் ஒரு தேவைதான். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, எல்லாக் கணினிகளின் கடிகாரமும் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைந்திருக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். கடிகாரம் ஒன்றாக ஓடுவது செய்திக்கும் நல்லது. ஒரு செய்தியை யார் எந்த நிமிடம் மாற்றினார் என்ற கேள்வி என்றைக்காவது நீதிமன்றத்தில் வரும்.

கடைசியாக, எல்லாம் விழும் நாள். 2020 டிசம்பர் 22-ஆம் தேதி ஜெர்மனியின் ஃபுங்கே ஊடகக் குழுமத்தை ரேன்சம்வேர் தாக்கியது. ஆயிரக்கணக்கான கணினிகள் முடங்கின, அதன் நாளிதழ்கள் மெலிந்த அவசரப் பதிப்புகளாக வந்தன. 2023 மே மாதம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர் தாக்குதலுக்கு ஆளாகி ஞாயிறு பதிப்பை அச்சிட முடியாமல் போனது. 1996 பனிப்புயலுக்குப் பிறகு அந்த நாளிதழ் சந்தித்த மிகப் பெரிய தடங்கல் அது. தாக்குபவர்கள் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். அது அதே வலையமைப்பில், அதே கடவுச்சொல்லில் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். ரெய்டு போட்டிருக்கிறோம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ரெய்டு ஒரு டிஸ்க் சாவதைத் தாங்கும். அழிக்கப்பட்ட கோப்பை அது எல்லா டிஸ்கிலும் சேர்த்தே அழிக்கும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். அந்த மூன்றில் ஒன்றாவது கம்பியைப் பிடுங்கி வைத்ததாக இருக்கட்டும்.

வேறு ஊரில் என்பதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 2015 டிசம்பர் 2-ஆம் தேதி, 1878-இல் தொடங்கிய தி இந்து, தன் வரலாற்றில் முதல்முறையாகச் சென்னைப் பதிப்பை வெளியிட முடியாமல் போனது. வெள்ளத்தில் மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை. வெள்ளம் சர்வரைத் தொடாமலேயே ஒரு பதிப்பை நிறுத்திவிட முடியும். உங்கள் ஆட்கள் அலுவலகத்துக்கு வர முடியாத நாளில் வீட்டிலிருந்து பக்கம் கட்ட முடியுமா, வேறு மையத்தில் அச்சடிக்க முடியுமா என்பதும் தேவைப் பட்டியலில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

ஆசிரியர்களிடமும் நிர்வாகிகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை மென்பொருளுக்கோ சர்வருக்கோ ஆர்டர் போடும்போது கொள்முதல் ஆணையில் ஒரு நிபந்தனை சேருங்கள். பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் வெற்றுச் சர்வர் ஒன்றில் மீட்டெடுத்து, அதில் ஒரு முழுப் பக்கம் கட்டி, அச்சு மையத்துக்கு அனுப்பிக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணை. அந்தச் சோதனையை இரவில் நடத்துங்கள். சரியாக நடந்தது என்று கையெழுத்துப் போடும் உரிமையை, அந்த இயந்திரங்களோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டப் போகும் உதவி ஆசிரியருக்குக் கொடுங்கள்.